அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்: தொழில்முறை மல்யுத்தம் எப்படி நடக்கிறது?

தொண்ணூறுகளில் வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் பள்ளிக்கூடம் போன பையன்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்: அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர். யார் சொன்னது, எந்தப் பேப்பரில் வந்தது என்று கேட்டால் பதில் வராது. ஆறு என்றோ எட்டு என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. பெட்டிக்கடையில் வாங்கிய ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு எல்லாம் அச்சடித்திருக்கும். உயிர்க் கணக்கு மட்டும் வாய்வழியாகவே பரவியது. அதே வீட்டில் தாத்தா டிவியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடா இதப் போய் பாத்துனு கீற? அல்லாம் செட்டப்பு" என்பார்.

தாத்தா பக்கமும் நியாயம் உண்டு, பேரன் பக்கமும் உண்டு. இதைப் பார்த்தே இராதவர்களுக்காகவும், சின்ன வயதில் பார்த்துவிட்டு 'எல்லாம் பொய்' என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு விலகியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தொழில்முறை மல்யுத்தம் என்றால் என்ன, அதில் எது நிஜம், எது ஏற்பாடு என்பதை ஒரே ஓர் ஆளின் முப்பது வருஷ வாழ்க்கையை வைத்துப் பார்க்கலாம். அந்த ஆள் அண்டர்டேக்கர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 1965 மார்ச் 24 அன்று பிறந்த மார்க் காலவே.

முதலில் தாத்தா சொன்னது. ஆமாம், ஜெயிப்பது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். இதில் இப்போது ரகசியம் எதுவும் இல்லை. 1989-லேயே, அண்டர்டேக்கர் பிற்பாடு பேர் வாங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நியூ ஜெர்சி மாநில செனட்டில், 'நாங்கள் நடத்துவது போட்டி இல்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி' என்று சொல்லிவிட்டது. உண்மை பேச வேண்டும் என்று திடீரென்று மனம் மாறியதால் அல்ல. போட்டி என்று சொன்னால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. பொழுதுபோக்கு என்றால் அந்தத் தலைவலி இல்லை. ஆக, நம்ம ஊர்த் தாத்தா கண்டுபிடித்ததை முதலாளியே ஒப்புக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

இதை நிஜமான விளையாட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார். அங்கே இரும்பு ஒத்துழைக்காது. தூக்கினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மல்யுத்த மேடையிலோ, 140 கிலோ ஆளை ஒருவர் தலைக்கு மேல் தூக்குகிறார் என்றால், தூக்கப்படுகிறவரும் சரியான நொடியில் எம்பிக் கொடுக்கிறார். தூக்குகிறவரின் பலமும் பொய் இல்லை, எம்புகிறவரின் உதவியும் பொய் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது.

எப்போதுமே இப்படி இருந்ததா? இல்லை. நிஜமாகவே மோதிய காலம் ஒன்று இருந்தது, அது பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது. 1910-ல் லண்டனில் நம்ம நாட்டு காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதியபோது, ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரம் போலத் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தே சமாளித்தார். (1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள், காமா ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.) 1916-ல் அமெரிக்காவின் ஒமாஹாவில் ஜோ ஸ்டெச்சரும் எட் லூயிஸும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள், முடிவு டிரா. காசு கொடுத்து வந்தவன் அடுத்த தடவை வருவானா? 1920களில் லூயிஸும் அவருடைய கூட்டாளிகளும் ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்து, பார்க்க விறுவிறுப்பான பிடிகளைச் சேர்த்து, யார் ஜெயிக்க வேண்டும் என்பதையும் முன்பே பேசி முடித்து, இதை ஊர் ஊராகப் போகும் காட்சியாக மாற்றினார்கள். இன்றைக்கு டிவியில் வருவது அந்த வழியில் வந்ததுதான். நம்ம தாத்தாக்கள் பேசும் கிங்காங் – தாராசிங் குஸ்தியும் இந்தக் குடும்பம்தான். யாராவது உடம்பை முறுக்கினால் 'பெரிய தாராசிங்கு!' என்று இன்னமும் சொல்கிறோமே, அந்தப் புகழும் இந்த மேடையில் கிடைத்ததுதான்.

முடிவு முன்பே தெரிந்ததை ஏன் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியை வட ஆற்காட்டுக்காரர்கள் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து. துரியோதனன் சாவான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும் படுகளத்தன்று ஊரே கூடி நிற்கும். மண்ணில் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் பீமன் வேஷக்காரர் துரத்துவார். தொடையில் அடி விழுந்ததும் சிவப்புச் சாயம் வழியும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அங்கே கையெடுத்துக் கும்பிட்டு நிற்கும் அம்மாக்களிடம் போய், 'அது சாயம்தான், ரத்தம் இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு பேர் பிடிக்கும் துணித் திரைக்குப் பின்னால் நின்று கால் சலங்கையை மட்டும் கேட்கவிட்டு, கட்டியங்காரன் பேச்சுக் கொடுத்து, கூட்டத்தைத் தவிக்க வைத்துவிட்டுத்தான் ராஜா வேஷம் வெளியே வரும். கதை யாருக்கும் புதிதில்லை. வருகிற விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இன்னொன்று: கட்டை கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறவரின் முழங்கால் வலி சாயம் இல்லை, நிஜம்.

தொழில்முறை மல்யுத்தத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: கூத்தில் முடிவு எல்லாருக்கும் தெரியும், மல்யுத்தத்தில் அது ஆடுகிறவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் மட்டும் தெரியும்.

வேஷம் கிடைத்த கதை

காலவே கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். ஆறடி பத்தங்குல உயரம் என்று நிறுவனம் அறிவித்த உடம்பு. 1987-ல் டெக்சஸில் முகமூடி போட்டு 'டெக்சஸ் ரெட்' என்ற பெயரில் முதல் ஆட்டம். புரூசர் பிரோடியிடம் தோற்றார். அப்புறம் 'மாஸ்டர் ஆஃப் பெயின்'. அப்புறம் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற பெரிய நிறுவனத்தில் 'மீன் மார்க் காலஸ்'. அதே உடம்பு, அதே உயரம்; ஆனால் எந்தப் பெயரும் ஒட்டவில்லை.

1990 நவம்பர் 22-ல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நடத்திய சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அவரை வேறு ஆளாக இறக்கினார்கள். பழைய காலத்து அமெரிக்கப் பிணம் புதைப்பவரின் கோலம்: கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, சாம்பல் நிறக் கையுறை. பேச்சு கிடையாது. நடையிலும் அவசரம் கிடையாது. சில மாதம் கழித்து அவருக்கு ஒரு மேலாளர் வந்தார், பெயர் பால் பேரர். வெளுத்த முகம், கீச்சுக்குரல், கையில் ஒரு சாம்பல் கலசம். அந்தக் கலசத்தைத் தூக்கிக் காட்டினால் விழுந்து கிடக்கும் அண்டர்டேக்கர் எழுந்துகொள்வார். இதில் ஒரு சுவாரஸ்யம்: பால் பேரராக நடித்த வில்லியம் மூடி நிஜ வாழ்க்கையிலும் உரிமம் பெற்ற சவ அடக்கத் தொழிலாளி.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம். அடி வாங்கினால் வலிப்பதுபோலக் காட்டுவதற்கு 'செல்லிங்' என்று பெயர். மற்றவர்கள் எல்லாரும் துடிதுடித்துக் காட்டியபோது, அண்டர்டேக்கர் எதையும் காட்டவில்லை. மல்லாந்து கிடப்பார், திடீரென்று இடுப்புக்கு மேல் உடம்பு மட்டும் விறைப்பாக எழும்பி உட்காரும், தலை மெதுவாகத் திரும்பும். அவ்வளவுதான். எதிரி முகத்தில் ஈயாடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதையே இவ்வளவு பெரிய வித்தையாக்கிய இன்னொரு மல்யுத்தக்காரரை நான் பார்த்ததில்லை. ஏழு உயிர்க் கதைக்கு விதை போட்டது இந்த எழும்பல்தான்.

அடுத்த வருஷமே, 1991 சர்வைவர் சீரிஸில், அப்போதைய மன்னன் ஹல்க் ஹோகனை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். வயது 26. பட்டம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, ஆறாம் நாள் போய்விட்டது. ஆனால் ஹோகனைச் சாய்த்தவன் என்ற பெயர் நின்றுவிட்டது. பட்டம் என்பது இந்தத் தொழிலில் ஓர் உபகரணம். யார் மேல் கூட்டத்தின் கண் திரும்ப வேண்டுமோ அவர் இடுப்பில் அதைக் கட்டுவார்கள். அதை எத்தனை தடவை வைத்திருந்தார் என்று எண்ணுவது ட்ரம்ப் கார்டுக்கு மட்டும்தான் உதவும்.

1994 ஜனவரியில் அவர் 'செத்தார்'. யோகோசுனாவோடு சவப்பெட்டி ஆட்டம். எதிரியைப் பெட்டிக்குள் தள்ளி மூடினால் வெற்றி. யோகோசுனாவுக்கு உதவியாக ஒரு கூட்டமே வந்து அண்டர்டேக்கரைப் பெட்டிக்குள் அடைத்தார்கள். புகை கிளம்பியது. பெட்டிக்குள்ளிருந்து அவர் முகம் பெரிய திரையில் தெரிந்து, மறுபடி வருவேன் என்றது. பிறகு அவர் உருவம் அரங்கத்தின் கூரையை நோக்கி மேலேறிப் போனது. மேலே போனது அவர் இல்லை, அவர் வேஷத்தில் இன்னொரு மல்யுத்தக்காரர். உண்மைக் காரணம் சாதாரணமானது: முதுகில் காயம், ஓய்வு தேவைப்பட்டது. அந்த ஓய்வைச் சாவாக மாற்றி ஏழு மாதத்துக்குக் கதை ஓட்டினார்கள். ஆகஸ்டில் திரும்பி வந்து, தன் பெயரில் உலாவிய போலி அண்டர்டேக்கரை வீழ்த்தினார். கேபிளில் இதையெல்லாம் முன்னும் பின்னுமாகப் பார்த்த எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு, ஏழில் ஓர் உயிர் கழிந்தது என்று கணக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

வேஷத்தை மேடைக்கு வெளியிலும் கலைக்காமல் இருப்பதை அந்தத் தொழிலில் 'கெய்ஃபேப்' என்பார்கள். நல்லவன் வேஷக்காரரும் கெட்டவன் வேஷக்காரரும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது என்ற அளவுக்கு ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. 1996 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நிறுவனத்தை விட்டுப் போகும் இரண்டு நண்பர்களை வழியனுப்ப, எதிரிகளாக ஆடியவர்களும் கூட்டத்தின் எதிரிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களில் ஒருவரான டிரிபிள் எச்சுக்குத் தண்டனை கிடைத்தது. அவருக்கு வைத்திருந்த வெற்றி ஸ்டீவ் ஆஸ்டின் என்ற இன்னொரு மல்யுத்தக்காரருக்குப் போனது. அதன் பிறகு ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். கடைசிவரை தளராதவர் அண்டர்டேக்கர். பொது இடத்தில் கறுப்பு உடை, பேட்டி கிட்டத்தட்ட கிடையாது. உடை மாற்றும் அறையில் சக ஆட்டக்காரர்களின் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமையும் அவர்தான்.

எது நிஜம்

இப்போது பேரன் பக்கம். மேடைக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதற்கும் மேல் கேன்வாஸ். பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 'தடால்' சத்தமும் அதில்தான் கிளம்புகிறது. மெத்தை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். விழுவதற்குப் 'பம்ப்' என்று பெயர்; புதிதாகச் சேர்பவர் முதலில் கற்பது அதுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். தலை பின்னால் சாய்ந்தால் மண்டை. கை ஊன்றினால் மணிக்கட்டு. ஒழுங்காக விழுந்தாலும் வலிக்கும், ஆனால் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அண்டர்டேக்கரின் முடிவு அடிக்குப் பெயர் டூம்ஸ்டோன். எதிரியைத் தலைகீழாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, அப்படியே முழங்காலிட்டு இறங்குவார். பார்க்கிறவர்களுக்கு மண்டை உடைந்ததுபோல இருக்கும். உண்மையில் எதிரியின் தலை இவர் தொடைகளுக்கு நடுவே, தரையைத் தொடாத உயரத்தில் இருக்கும். மொத்த எடையும் இவருடைய சொந்த முழங்கால்களில் இறங்கும். அதாவது அடி வாங்குகிறவரைவிட அடிப்பவருக்குத்தான் தேய்மானம். நான்கு விரல்கடை கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 சம்மர்ஸ்லாம் சாட்சி: ஓவன் ஹார்ட் இதே வகை அடியைக் கொடுத்தபோது ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து நிஜமாகவே அடிபட்டது. பிற்காலத்தில் இந்த வகை அடியை நிறுவனம் பெரும்பாலானவர்களுக்குத் தடை செய்தபோதும், அண்டர்டேக்கருக்கும், கதைப்படி அவர் தம்பியான கேனுக்கும் மட்டும் விட்டுவைத்தது.

ஆட்டத்தில் எல்லாமே எழுதி ஒப்பித்ததும் இல்லை. முடிவும், முக்கியமான சில கட்டங்களும் பேசி வைத்தவை. மீதியை மேடையிலேயே காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் மற்றவர் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி ரொம்ப நேரம் கிடந்தால், அது மூச்சு வாங்கிக்கொள்ளவும் அடுத்தது என்ன என்று பேசிக்கொள்ளவும்தான். நடுவர் நேரம் எவ்வளவு மிச்சம் என்று தகவல் சொல்வார். அவர் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்தால், நாடகம் நின்றுவிட்டது, யாருக்கோ நிஜமாகவே அடிபட்டிருக்கலாம் என்று பொருள்.

அடிபடுவது அண்டர்டேக்கருக்கும் புதிதில்லை. 1995-ல் கண்ணைச் சுற்றிய எலும்பு உடைந்து, முகத்தில் பாதி மறைக்கும் சாம்பல் நிற முகமூடியோடு திரும்பினார். ரசிகர்கள் அதையும் வேஷத்தின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். 2010 பிப்ரவரியில் நுழைவு நடையின்போது வாணவேடிக்கை நெருப்பு தவறான நேரத்தில் கிளம்பி அவரையே சுட்டது. நெஞ்சிலும் கழுத்திலும் தீக்காயம். ஓடிப்போய் மேடை ஏறினார், உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே காத்திருந்தார், பிறகு ஆட்டத்தையும் ஆடி முடித்தார். டிவியில் பார்த்தவர்களில் பாதிப் பேர் 'சூப்பர் செட்டப்' என்றிருப்பார்கள்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேடையைச் சுற்றிப் பதினாறடி உயர இரும்புக் கூண்டு. எதிரி மேன்கைண்ட் என்ற மிக் ஃபோலி. இருவரும் தொடக்கத்திலேயே கூண்டின் கூரைக்கு ஏறிவிட்டார்கள். அண்டர்டேக்கர் பிடித்துத் தள்ள, ஃபோலி மேலிருந்து வர்ணனையாளர் மேஜையின் மேல் வந்து விழுந்தார். இது ஃபோலி தெரிந்தே செய்தது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும் வழியில் எழுந்து திரும்ப ஏறினார். மேலே அண்டர்டேக்கர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்ததும் கூரைக் கம்பிவலை பிய்ந்து, ஃபோலி நேராக மேடைக்குள் விழுந்தார், கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்தது, பல் போனது. இது திட்டத்திலேயே இல்லை. கூரை மேல் நின்று கீழே பார்க்கும் அண்டர்டேக்கரின் முகத்தைக் கவனியுங்கள், அங்கே வேஷம் ஒரு நொடி நழுவும். இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை. ஃபோலி தோற்றுத்தான் போனார், ஏற்கெனவே முடிவானபடி.

அந்த வருஷங்களில் இங்கே எத்தனையோ பையன்கள் வைக்கோல் போரிலும் ஹாஸ்டல் மெத்தையிலும் இதைச் செய்து பார்த்துவிட்டுப் புத்தூர் கட்டுப் போட ஆந்திர எல்லையைத் தாண்டிப் போனார்கள். விழக் கற்றுக்கொள்ளாதவன் விழக் கூடாது. இதில் தமாஷ் இல்லை.

தோற்காத ஆள், தோற்ற நாள்

ரெஸில்மேனியா என்பது ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பெரிய நிகழ்ச்சி. 1991-ல் அவருடைய பிறந்தநாளன்றே நடந்த ரெஸில்மேனியாவில் ஜிம்மி ஸ்னூக்காவை ஜெயித்தார். அடுத்த வருஷமும் ஜெயித்தார். அதற்கடுத்த தடவையும். முதல் பத்து வருஷம் இதை யாரும் பெரிதாகத் திட்டமிட்டு நடத்தவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்தக் காலத்து ரெஸில்மேனியா ஆட்டங்கள் பலவற்றை இப்போது பார்த்தால் கொட்டாவி வரும். 1993-ல் ஜயன்ட் கொன்சாலஸ், 1995-ல் கிங்காங் பண்டி: இரண்டு மலைகள் மெதுவாக முட்டிக்கொள்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். 2002-ல் ரிக் ஃபிளேரை ஜெயித்ததும் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார், பத்துக்குப் பூஜ்யம். அதன் பிறகுதான் இந்த எண்ணிக்கையே ஒரு பட்டம்போல ஆனது. 'இவனை ரெஸில்மேனியாவில் யார் தோற்கடிப்பது?' என்ற ஒரே கேள்வியை வைத்து ஆண்டுக்கணக்கில் டிக்கெட் விற்றார்கள்.

நடுவில் 2000-லிருந்து மூன்றரை வருஷம் போல, தொப்பியைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் வரும் முரட்டு ஆளாகவும் இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஊரில் பைக் ஓட்டும் முரடர்களுக்கா பஞ்சம்? 2004-ல் மணியோசையும் இருட்டுமாகப் பழைய கோலத்தில் திரும்பினார். ஆனால் அந்த இடைவெளி வீண் இல்லை. அடி பட்டால் வலிக்கும் ஆளாகக் கொஞ்ச காலம் ஆடியதில், பிற்பாடு வேஷத்துக்குள்ளேயே சோர்வையும் பயத்தையும் காட்ட அவருக்கு வழி கிடைத்தது. அவருடைய ஆகச் சிறந்த ஆட்டங்கள் எல்லாம் நாற்பது வயதைத் தாண்டியவை என்பது என் கணக்கு.

2006-ல் நம்ம ஆள் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். ஹிமாச்சலத்திலிருந்து போன தலீப் சிங் ராணா, அதாவது கிரேட் காளி, முதல் தோற்றத்திலேயே அண்டர்டேக்கரை அடித்து வீழ்த்தினார். அடுத்த மாதம் ஆட்டத்திலும் ஜெயித்தார். இங்கே தேசபக்தியோடு பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். காளியை ஒரே இரவில் அச்சுறுத்தும் ஆளாக்கியது அண்டர்டேக்கர் விழுந்து கொடுத்த விதம். புதிதாக வந்தவரைப் பெரிய ஆளாகக் காட்டத் தான் தோற்பது இந்தத் தொழிலில் மூத்தவரின் கடமை. ஜெயிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஒழுங்காகத் தோற்கத் தெரிந்தவர்கள் குறைவு.

2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். கணக்கு இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். எதிரே பிராக் லெஸ்னர். நிஜமான கல்லூரி மல்யுத்தச் சாம்பியன், முடிவு பேசி வைக்காத யு.எஃப்.சி. சண்டைப் போட்டியில் நிஜமாகவே அடித்துப் பட்டம் வாங்கியவர். யார் ஜெயிப்பது என்ற முடிவு அன்றைக்குத்தான் மாற்றப்பட்டது என்று அண்டர்டேக்கரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடுவர் மூன்று எண்ணியதும், 75,000 பேருக்கு மேல் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம் கத்தவே இல்லை. வாய் பிளந்து, கண் விரிந்து, தலையில் கை வைத்து நின்றார்கள். எல்லாம் ஏற்பாடு என்று தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். அந்த ஆட்டத்தின் நடுவில் தலையில் நிஜமாகவே அடிபட்டு, அந்த நாளின் பெரும்பகுதி அவருக்கு ஞாபகமே இல்லாமல் போனது. நிகழ்ச்சி முடிவதற்குள் முதலாளி வின்ஸ் மக்மேன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 2017-ல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றுக் கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் மேடையில் வைத்துவிட்டுப் போனார். அப்படியே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் திரும்ப வந்தார். 2019-ல் ஜித்தாவில் கோல்டுபர்க்கோடு ஆடிய ஆட்டம், இரண்டு வயதானவர்கள் ஒருவரை ஒருவர் காயப்படுத்திக்கொள்ளும் பரிதாபம். ஒரு கட்டத்தில் கழுத்தே போயிருக்கும். கடைசி ஆட்டம் 2020 ரெஸில்மேனியாவில் ஏ.ஜே. ஸ்டைல்ஸோடு, கூட்டமே இல்லாமல், கல்லறைத் தோட்டம்போல அமைத்த இடத்தில் படம்பிடித்தது. ரெஸில்மேனியா கணக்கு 25 வெற்றி, 2 தோல்வி. அதே 2020 நவம்பர் 22-ல், வந்து சரியாக முப்பது வருஷம் நிறைந்த நாளில், விடைபெற்றார். 2022-ல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

இதுவரை பார்த்ததே இல்லை, ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? 1998 கூண்டு ஆட்டத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள். 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன், இருபத்தைந்தாம் ரெஸில்மேனியா, எதிரி ஷான் மைக்கேல்ஸ்: இதில் தொடங்குங்கள். வெள்ளை உடையில் மைக்கேல்ஸ் மேலிருந்து இறங்குவார், கறுப்பு உடையில் அண்டர்டேக்கர் கீழிருந்து எழும்புவார். யார் யார் என்று தெரியாதவருக்கும் கதை புரிந்துவிடும். அரை மணி நேரம் ஓடும். நடுவில் ஓர் இடத்தில் 44 வயது அண்டர்டேக்கர் மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்வார். மைக்கேல்ஸ் விலகிக்கொண்டு ஒரு கேமராக்காரரை முன்னால் இழுத்துவிடுவார். அந்தக் கேமராக்காரர் கேமராக்காரரே அல்ல; பாய்கிறவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக அந்த உடையில் நிறுத்தப்பட்ட மல்யுத்தக்காரர் சிம் ஸ்னூக்கா. 1991-ல் முதலில் தோற்ற ஜிம்மி ஸ்னூக்காவின் மகன். பிடி சரியாக அமையவில்லை. அண்டர்டேக்கர் தலைகுத்தாகத் தரையில் விழுந்தார். அந்த இடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை பாருங்கள். பாய்ச்சல் ஏற்பாடு, கேமராக்காரர் ஏற்பாடு, தரையில் விழுந்த தலை ஏற்பாடு இல்லை. அதற்கப்புறமும் அவர் எழுந்து மீதி ஆட்டத்தை ஆடினார்.